ஓஸ்தாவின் ஜன்னலுக்கு எதிரே

வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடுகிற வெப்பப் பம்பு வாங்கக் கடைக்குப் போன அன்று ஹல்வோர் கேட்ட முதல் கேள்வியிலேயே கடைக்காரப் பையன் திணறிப்போனான்.

"இது எவ்வளவு சத்தம் போடும்?"

"எல்லாரும் சூடு எவ்வளவு தரும்னுதான் கேப்பாங்க."

"சூடு தராத பம்ப நீ கடையில வெச்சிருக்க மாட்ட. சத்தத்தச் சொல்லு."

கூட வந்திருந்த எம்ப்ரெட் சிரித்தான். அவன் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு பேரும் ஒரே மரமில்லில் ஒரே ரம்பத்துக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று காலத்தைக் கழித்தவர்கள்.

"தம்பி, இவனுக்குப் பாதிக் காது மில்லோட போயிருச்சு. கேக்கிறது அவனுக்காக இல்ல, பொண்டாட்டிக்காக."

அது மெய்தான். ஹல்வோரின் மனைவி ஓஸ்தா கோடையிலிருந்து டவுனில் நுரையீரல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குளிர்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் வீட்டில் விறகடுப்பு எரியக் கூடாது, சாம்பல் தூசி ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஹல்வோர் அன்று சாயங்காலமே அடுப்புக் கதவைக் கம்பி போட்டுக் கட்டினான்.

ஓஸ்தாவுக்கு இன்னொன்றும் வேண்டும். படுக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருமே அப்படித்தான், வெளியே எச்சில் துப்பினால் உறைந்து விழுகிற குளிரிலும் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் தூங்குவார்கள். ஓஸ்தா அதில் ஒரு படி மேல். மூடிய அறையில் படுப்பது சவப்பெட்டிக்கு ஒத்திகை பார்ப்பது மாதிரி என்பாள். மாடி ஏற முடியாமல் போனபிறகு கீழே பக்கவாட்டு அறைதான் அவளுடையது. அவள் இல்லாத நாளிலும் ஹல்வோர் அந்த ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தான். உள்கதவை மட்டும் சாத்திவிடுவான்.

கடைக்காரன் ஒரு பெரிய மிஷினைத் தட்டிக் காட்டினான். "இதுதான் எல்லாத்துலயும் பெருசு. வெளியில ஏழு டிகிரி இருக்கும்போது இது தர்ற சூட்டப் பாருங்க."

"ஏழு டிகிரியா?" என்றான் எம்ப்ரெட். "அன்னிக்கு நான் சட்டையக் கழட்டிட்டு வாசல்ல உக்காந்திருப்பேன்டா. எனக்கு எதுக்குப் பம்பு? மைனஸ் இருபத்தஞ்சுல என்ன தரும், அதச் சொல்லு."

பையன் தாளைப் புரட்டினான். பெரியது தரும் சூடு குளிர் கூடக்கூடப் பாதியாகச் சுருங்கியது. மூலையில் தூசி படிந்து கிடந்த சின்னதுக்கு அது அவ்வளவாகச் சுருங்கவில்லை. சத்தமும் குறைவு. அதைக் கடையிலேயே ஓட்டச் சொல்லி, ஹல்வோர் நல்ல காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டான். பூனை உறுமுகிற மாதிரி இருந்தது. இது போதும் என்றான்.

மாட்ட வந்த மெக்கானிக் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். விசிறி வைத்த வெளிப்பெட்டிக்குப் பின்சுவர்தான் சரி, காற்று மறைவு என்றான். ஆனால் அந்த இடத்துக்கு எதிரிலேயே எம்ப்ரெட்டின் படுக்கையறை ஜன்னல். எம்ப்ரெட்டும் அவன் மனைவி ரான்டியும் திறந்துபோட்டுத் தூங்குகிற ஜன்னல். ஹல்வோர் தலையை ஆட்டிவிட்டு ரோட்டுப் பக்கச் சுவரைக் காட்டினான்.

"அங்க வடகாத்து அடிக்கும். பனி தள்ற வண்டி மொத்தத்தையும் பெட்டி மேல கொட்டிட்டுப் போகும்."

"உசரத்துல மாட்டு. மேல ஒரு கூரை நான் அடிச்சுக்கறேன்."

கூரை அடிக்கும்போது எம்ப்ரெட் ஏணியைப் பிடித்துக்கொண்டான். வேலை முடிந்து இறங்கியதும் ஹல்வோர் கையை நீட்டினான். "ஒருத்தன் பெட்டி இன்னொருத்தன் ஜன்னலப் பாத்து உறுமக் கூடாது. சரியா?"

"எனக்கு எதுக்குடா பெட்டி? நான் சாகுறவரைக்கும் விறகுதான்," என்று எம்ப்ரெட் கையைக் குலுக்கினான். அந்த வாரமே ஹல்வோர் தன் கொட்டகையில் காய்ந்து கிடந்த பிர்ச் விறகு முழுவதையும் அவனுக்குக் கொடுத்தான். இரண்டு பேரும் தள்ளுவண்டியில் வைத்து வேலியைத் தாண்டித் தள்ளினார்கள். "உன் வீட்டுச் சூட்டுல இந்த வருசம் நான்தான் காயப்போறேன்," என்று எம்ப்ரெட் கேலி பேசினான். ரான்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கையாட்டினாள்.

இலை உதிர்ந்ததும் எல்க் வேட்டை வந்தது. குதிரை உசர மான். ஊரில் ஆறு பேர் சேர்ந்து ஒரு குழு, சீமென் அதற்குத் தலைவன். காலையில் ஆளுக்கொரு இடம் குறித்துக் கொடுப்பான். துப்பாக்கியோடு போய் அங்கே உட்கார்ந்தால், ரேடியோவில் சீமென் போதும் என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. அதற்குமேல் பெரிய சட்டம் அந்த ஊரில் இல்லை. ஒருவன் இடத்தை விட்டுப் போனால் மற்றவன் குண்டு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாம் நாள் ஹல்வோருக்குச் சதுப்புநிலத்தின் ஓரம். மேட்டுக்கு அந்தப்பக்கம் எம்ப்ரெட். உறைபனி விழுந்து புல் நரைத்திருந்தது. தூரத்தில் நாய் குரைத்தது. குரைப்பு நெருங்கி வந்து, திரும்பி, நேராக எம்ப்ரெட்டின் பக்கம் போனது. ஹல்வோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வெடிச்சத்தம் வரவில்லை.

ரேடியோ கரகரத்தது. "எம்ப்ரெட், உன் பக்கம்தான் வருது." பதில் இல்லை. "எம்ப்ரெட்? தூங்கிட்டியாடா?"

நாயின் குரல் மலைக்கு அந்தப்பக்கம் தேய்ந்துபோனது. சீமென் எல்லாரையும் எழச் சொன்னான். ஹல்வோர்தான் முதலில் மேடு ஏறினான். எம்ப்ரெட் உட்கார வேண்டிய அடிமரத்தில் யாரும் இல்லை. மானின் குளம்படி அதற்குப் பக்கத்திலேயே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போயிருந்தது. உறைபனியில் பூட்ஸ் தடம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிப் போனது.

"நெஞ்சு வலிச்சிருக்குமோ," என்றான் சீமென்.

ஹல்வோர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் எம்ப்ரெட் சமையலறைத் தரையில் விழுந்து கிடப்பதும், ரான்டி தலைமாட்டில் நிற்பதும்தான் கண்ணில் வந்தன. வளைவில் ஒரு இடத்தில் சக்கரம் வழுக்கியது. மெதுவாகப் போக அவனுக்குத் தோன்றவில்லை.

எம்ப்ரெட் விழுந்து கிடக்கவில்லை. வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சுத் தொப்பியோடு தன் வீட்டின் பக்கவாட்டுச் சுவரோரம் நின்று மெக்கானிக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். ஹல்வோர் வீட்டுக்கு மாட்டிய அதே மெக்கானிக். சுவரில் வெள்ளையாக ஒரு பெட்டி. பெரியது, கடையில் இவர்களே வேண்டாமென்று தள்ளியது. அதன் விசிறி ஓஸ்தாவின் திறந்த ஜன்னலை நேருக்கு நேர் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. திரைச்சீலை உள்பக்கமாகப் புடைத்து ஆடியது.

மெக்கானிக் ஹல்வோரின் முகத்தைப் பார்த்துவிட்டு, காபியைக் கீழே வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே," என்றான் ஹல்வோர். அதைத்தான் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தான், வாய் அதையே கேட்டுவிட்டது.

"ஒண்ணுமில்ல."

"நான் காட்டுல இருக்கிற நாளாப் பாத்து வரச்சொன்ன."

"ரான்டிக்கு முழங்கால் போச்சு. விறகு தூக்க முடியல. பின்பக்கம் வெச்சா எங்க தூக்கம் போயிரும், பெரிய மிஷின்."

"இங்க வெச்சா யார் தூக்கம் போகும்?"

எம்ப்ரெட் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தான். அதில் என்ன இருந்ததோ. "இங்க யாருடா படுக்கிறா, ஹல்வோர்?"

ஹல்வோரின் கை துப்பாக்கி வாரை இறுக்கியது. அது தெரிந்ததும் துப்பாக்கியைக் கழற்றி வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அடுத்த மாசம் என் பொண்டாட்டி படுப்பா. அவளுக்காகத்தானே உன்னையும் கூட்டிக்கிட்டுப் போய்ப் பம்பு பாத்தேன். அவள அதுக்குள்ள பொதச்சுட்டியாடா நீ?"

"அய்யோ, அப்படி இல்லடா." எம்ப்ரெட்டின் குரல் இறங்கிவிட்டது. "அவ உன்கிட்ட இன்னும் சொல்லலையா? போய் அவளயே கேளு."

ஆஸ்பத்திரியில் ஓஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய். ஹல்வோரின் உடம்பெல்லாம் காட்டு வாசனை அடித்தது.

"வேட்டை நாள்ல வந்திருக்க. மான் கெடச்சுதா கெழவா?"

"எம்ப்ரெட் பம்பு மாட்டிட்டான். உன் ஜன்னலுக்கு எதிர்ல."

அவள் நூலை இழுத்து நிறுத்தினாள். ஆச்சரியப்படவில்லை. அந்த ஒரு நொடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ரான்டி வந்திருந்தா. வெச்சுக்கட்டுமான்னு கேட்டா. வெச்சுக்கோன்னுட்டேன்."

"உன் ஜன்னல்."

"நான் வீட்டுக்கு வரல, ஹல்வோர். முதியோர் இல்லத்துல இடம் கேட்டிருக்கேன். கெடச்சிருச்சு."

"எப்போ கேட்ட?"

"ஆகஸ்டுல."

ஆகஸ்டில்தான் அவன் தூசி படிந்த மிஷினில் காதை வைத்து நின்றான். ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே வந்து இவள் கட்டிலோரம் உட்கார்ந்து, பூனை மாதிரிதான் உறுமும் ஓஸ்தா, உனக்குக் கேட்கவே கேட்காது என்று சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டாள். கூரையை எப்படி அடித்தாய் என்றுகூட விசாரித்தாள்.

"ரான்டிக்குச் சொல்லத் தெரிஞ்சுது. எம்ப்ரெட்டுக்குத் தெரியும். கட்டினவனுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"சொன்னா நீ விடமாட்ட. வீட்டுக்கு வந்தா என் மூச்ச எண்ணிக்கிட்டே முழிச்சிருப்ப. அதப் பாத்துக்கிட்டு நான் படுத்திருக்கணுமா? என்னால முடியாது."

"எண்ணினா எண்ணிட்டுப் போறேன். அது என் பாடு." குரல் உயர்ந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் குரலை இறக்கிக் கேட்டான். "அங்க ஜன்னல் தெறக்குமா?"

ஓஸ்தா பின்னல் ஊசியைக் கையில் எடுத்தாள். "விரல் நுழையற அளவுக்கு."

அவள் கை நீட்டினாள். அவன் பிடித்தான், ஆனால் மரக்கட்டையைப் பிடிப்பது மாதிரிதான் பிடித்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மான் விழுந்தது. எம்ப்ரெட்டும் வேட்டைக்கு வந்திருந்தான். இடத்தை விட்டுப் போனதைப் பற்றி யாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசை கிடையாது. சீமெனின் கொட்டகையில் இறைச்சியை ஆறு குவியலாகப் போட்டார்கள். பங்கு பிரிக்கிற முறை பழையது. ஒருவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான். தலைவன் ஏதோ ஒரு குவியலைக் கத்தியால் தொட்டு யாருக்கு என்று கேட்பான். திரும்பி நிற்பவன் ஒரு பெயர் சொல்வான். எந்தக் குவியல் என்று அவனுக்குத் தெரியாததால் யாரும் குறை சொல்ல முடியாது.

வயதில் மூத்தவன் என்று ஹல்வோரைத்தான் நிறுத்தினார்கள். அவன் சுவர்ப் பலகையின் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது யாருக்கு?"

"பெர்."

"இது?"

"தூர்."

லார்ஸ் பெயரைச் சொன்னான், சீமெனைச் சொன்னான், தன் பெயரையும் சொன்னான். ஒரு குவியல் மிஞ்சியது. யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பெயரைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

"இது யாருக்கு, ஹல்வோர்?"

நாய் மூலையில் எலும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் எம்ப்ரெட் இருமினான்.

"பேரு எதுக்கு?" என்றான் ஹல்வோர் சுவரைப் பார்த்தே. "அவன் ஆளில்லாத நேரம் பாத்து எடுத்துக்குவான்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் தன் பங்கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, எம்ப்ரெட் இருக்கிற பக்கம் பார்க்காமல் வெளியே வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது எம்ப்ரெட் வீட்டுப் பெட்டி முழுமூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. பூனை உறுமல் இல்லை இது. மில்லில் ரம்பம் மரத்தைத் தொடுவதற்கு முன்னால் போடுகிற சத்தம், ஓயாமல். ஹல்வோர் இறைச்சியைச் சமையலறையில் வைத்தான். ஒருத்தன் தின்று தீர்க்க முடியாத பங்கு. பிறகு ஓஸ்தாவின் அறைக்குள் போனான். மெத்தை விரிப்பு சில்லென்று ஈரமாக இருந்தது. ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினான். பல மாதம் திறந்தே கிடந்த சட்டம் இறுகி, தோளைக் கொடுத்துத்தான் அழுத்த வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அப்பாலும் சத்தம் கேட்டது.

வெளியே வரும்போது வழக்கம்போல உள்கதவைச் சாத்தக் கை போனது. சாத்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். கூடத்திலிருந்து அவனுடைய சின்னப் பம்பின் சூடு அந்த அறைக்குள் மெல்லப் போகத் தொடங்கியது. அது நல்ல மிஷின்தான், அறை சீக்கிரமே காய்ந்துவிட்டது.