பாலத்துக்கு இந்தப் பக்கம்

சுத்தியலைத் தொடக் கூடாது. எட்டு மணிக்கு முன்னால் சத்தம் எழுந்தால் அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் விடியற்காலை வேலை முழுவதும் கையாலும் கடப்பாரையாலும்தான். சுவர்ப் பலகைகளின் இடுக்கில் கடப்பாரை நுனியைச் செருகி உடம்பின் பாரத்தை அதன்மேல் மெல்லச் சாய்க்க வேண்டும். ஆணி முனகிக்கொண்டே வெளியே வரும். பலகை தரையில் விழுவதற்குள் இன்னொருவன் தாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு பேர் ஒரு வீட்டைத் திருடர்களைப் போலப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸெய்னெல் பலகையைத் தாங்கியபோது அதன் பின்னாலிருந்து சாம்பல் நிறத் தூசி கொட்டி இமைகளில் படிந்தது. டெலிலின் கைவிளக்கு வெளிச்சத்தில் அந்தத் தூசிக்குள் மெல்லிய நார்கள் மினுங்கின. ஆஸ்பெஸ்டாஸ் என்று எல்லோருக்கும் தெரியும். முகமூடி கிடையாது. ஈரத் துண்டை மூக்கின்மேல் கட்டியிருந்தார்கள். குளிரில் அது அட்டை போல விறைத்துப் போயிருந்தது.

மூலையில் பிஷார் இருமத் தொடங்கினார். ஸெய்னெலின் அக்காள் குலிசாரின் கணவர். ஐம்பதைத் தாண்டியவர். இருமல் வந்தால் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, அது போகும்வரை குனிந்து நிற்பார்.

"அத்தான், கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லுங்க."

"வெளிய போனா மட்டும் இது விட்டுருமா? என்கூடவே லாரியில ஏறி வந்திருக்குது."

"அப்ப அதுக்கும் ஒரு தலைக்கவசம் கேக்கலாம்," என்றான் டெலில். "நமக்குத்தான் குடுக்கல."

ஹாமோ மட்டும் சிரிக்காமல் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய உடம்புக்காரன்; அவன் கூரையைப் பார்க்கிறான் என்றால் மற்றவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். ஓடுகள் இன்னும் இறங்கவில்லை. ஓட்டுக்கடியில் பழைய காலத்துக் களிமண் தடிமனாகக் கிடந்தது. கீழே பாதிச் சுவர் போய்விட்டது.

அவர்கள் நால்வரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். துருக்கியில் மராஷ் பக்கத்துக் குர்து கிராமங்களிலிருந்து ஜப்பானுக்கு வந்து, கவாகுச்சி ஊரின் ஈரம் கசியும் அறைகளில் வருஷக்கணக்காக இருப்பவர்கள். அகதி என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. தடுப்பு முகாமிலிருந்து தற்காலிகமாக விட்டிருந்தது, அவ்வளவுதான். அப்படி விடப்பட்டவன் வேலை செய்யக் கூடாது. அவனுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. அனுமதி வாங்காமல் மாகாண எல்லையைத் தாண்டக் கூடாது. அராகாவா ஆறுதான் எல்லை. வேலை பெரும்பாலும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், டோக்கியோவில்தான் கிடைத்தது.

தினமும் இருட்டோடு லாரி பாலத்தில் ஏறும்போது உள்ளே பேச்சு நின்றுவிடும். பாட்டு ஓடினால் அதையும் யாராவது நிறுத்துவார்கள். பாலத்தின் நடுவில் மாகாணப் பெயர் எழுதிய பலகை ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டி, இறக்கத்தில் இறங்கிய பிறகுதான் ஒருவன் தொண்டையைக் கனைப்பான்.

குலிசாருக்கு அந்தப் பலகைதான் உலகத்தின் விளிம்பு. தூக்கம் வராமல் போனதிலிருந்து மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தின் பாதி வரை போவாள். பலகையருகே காலை ஊன்றி நின்று இந்தக் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று ஸெய்னெல் ஒருமுறை சொன்னபோது, "தூக்கம் வரலேன்னு டாக்டர்கிட்ட எந்த மொழியில சொல்றது? கேட்டா காசு வேற கேப்பான்" என்றாள். பிஷாரின் இருமலுக்கும் அதே கதைதான். ஓமவல்லி மாதிரி ஒரு மலைப்பூண்டை ஊரிலிருந்து யாராவது கொண்டுவருவார்கள். அதைக் கொதிக்கவைத்துக் குடிப்பார். அதுதான் அவருடைய ஆஸ்பத்திரி.

வெளிச்சம் பரவியபோது சந்தில் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஜுமா இறங்கினான். அவனும் மராஷ்காரன்தான், பிஷாருக்குப் பக்கத்துக் கிராமம். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு விசாவெல்லாம் சரியாக வைத்திருந்தான். பெரிய கம்பெனிக்காரர் ஒனோதெராவிடமிருந்து வேலை எடுத்து இவர்களை வைத்து முடிப்பான்.

"இன்னும் இங்கயே நிக்கிறீங்களா? மதியம் மெஷின் வருது. எட்டு மணி ஆகட்டும்னு பாக்காம நடுத்தூணைத் தட்டிவிடுங்க."

"ஓடு இறக்கலயே," என்றான் ஹாமோ. "மேலருந்துதான் கீழ வரணும். இது தலைகீழா நடக்குது."

"மெஷின் இடிக்கும்போது ஓடும் சேந்து வரும். ஒனோதெராவுக்கு நாளைக்குக் காலி மனை வேணும்."

"தண்ணியாவது வேணும் ஜுமா," என்றார் பிஷார். "தூசி அடங்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டம்மாவும் நேத்துலருந்து திட்டுது."

"தண்ணி இணைப்பு வெட்டியாச்சு. நான் என்ன ஆத்துலருந்து வாய்க்கால் வெட்டவா?"

"ரயில் ஸ்டேஷன் பக்கத்துல தொழிலாளர் சங்கத்துக்காரர் சொன்னாரு," என்று டெலில் ஆரம்பித்தான். "விசா இல்லாட்டியும், வேலையில அடிபட்டா முதலாளிதான் பொறுப்பாம். முகமூடி குடுக்க வேண்டியதும்..."

ஜுமா சிரித்தான். "சங்கமா? எந்த ஊர்ச் சங்கம்டா உன்னைச் சேத்துக்கும்? வேலையே செய்யக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கான் அரசாங்கம். சட்டப்படி நீ இங்க இல்லவே இல்ல. இல்லாதவனுக்கு எதுக்கு முகமூடி?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "நான் உங்க ஆளு. அதனாலதான் வேலை குடுக்கறேன். வேற எவன் குடுப்பான்?"

அது உண்மை என்பதுதான் அதில் இருந்த கொடுமை.

ஹாமோ சுத்தியலை எடுத்தான். மூன்றாவது அடியிலோ நான்காவது அடியிலோ தூண் அசைந்தது. மேலே எங்கோ மரம் நீளமாகக் கிழிந்தது. "ஓடுங்க!" என்று ஹாமோ கத்தினான். ஸெய்னெல் வாசலுக்குப் பாய்ந்தான். டெலில் ஜன்னல் வழியாக விழுந்தான். பிஷாரும் திரும்பினார். அந்த நொடியில்தான் இருமல் அவரைப் பிடித்தது. அவர் குனிந்தார்.

உத்தரம் இறங்கியது. அதன்மேல் களிமண்ணும் ஓடும் சரிந்தன.

தூசி அடங்கக் காத்திருக்கவில்லை. மூன்று பேரும் கையால் வாரினார்கள். ஓட்டுச் சில்லு நகத்துக்குள் ஏறியது. முதலில் தலை தெரிந்தது. பிறகு தோள். உத்தரத்தை ஹாமோ முதுகால் தூக்க, மற்ற இருவரும் பிஷாரை இழுத்தார்கள். கண் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மார்பின் ஒரு பக்கம் மட்டும் எழுந்தது. உதட்டோரத்தில் நுரையோடு ரத்தம்.

"லாரிக்குத் தூக்குங்க!" என்றான் ஜுமா. முகம் வெளிறியிருந்தது. "சீக்கிரம். பாலத்தைத் தாண்டிப் போயிடலாம்."

ஸெய்னெலின் கைகள் தாமாகவே பிஷாரின் அக்குளுக்கடியில் நுழைந்தன. அவர்களுக்குப் பழகிப்போன காரியம் அது. அடிபட்டால் முதலில் ஆற்றைத் தாண்ட வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். போன குளிர்காலத்தில் ரெஷோவின் கால் நசுங்கியபோதும் அப்படித்தான் தூக்கிப்போட்டு ஓட்டினார்கள். பாலத்தில் நெரிசல். அந்தக் கரையில் வீட்டு மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார்கள். கால் போயிற்று. முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிஷாரைத் தூக்கியதும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல.

ஸெய்னெல் நின்றான்.

"கீழ வையுங்க."

"பைத்தியமா நீ? தூக்குடா!"

"அசைச்சா செத்துருவாரு. பாலம் வரைக்கும் தாங்க மாட்டாரு. இங்கயே ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்."

"கூப்பிடு," என்றான் ஜுமா. "ஆம்புலன்ஸ் பின்னாலயே போலீஸ் வரும். எல்லை தாண்டினது, வேலை பாத்தது, எல்லாம் வெளிய வரும். அவரை மட்டுமா? உன்னை, ஹாமோவை, இந்தப் பையனை, எல்லாரையும் திரும்ப முகாமுக்குள்ள போடுவான். உன் பிள்ளைங்க முகத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கந்தான் பாப்ப. அதுதான் வேணுமா?"

முகாமின் கண்ணாடி ஸெய்னெலுக்கு நன்றாகத் தெரியும். சின்னவள் அதில் உள்ளங்கையைப் பதித்து நின்றதும் தெரியும். அவன் ஹாமோவைப் பார்த்தான். இது அவன் ஒருவனுக்கான முடிவு இல்லை.

ஹாமோ முட்டி போட்டு பிஷாரின் தலையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். "நான்தான் தூணை அடிச்சேன்," என்றான். "கூப்பிடு."

"கூப்பிடு அண்ணே," என்றான் டெலில். "ரெஷோ அண்ணனைத் தூக்கினது போதும்."

ஸெய்னெல் எண்ணை அழுத்தினான். மறுமுனைப் பெண் குரல் கேட்ட முதல் கேள்வியே அவனை அடித்துப் போட்டது. எங்கே இருக்கிறீர்கள்?

அவனுக்குத் தெரியவில்லை. எவனுக்கும் தெரியாது. இருட்டில் ஏற்றி இருட்டில் இறக்குவார்கள். விலாசம் முதலாளியின் தலைக்குள் இருக்கும். ஜுமா காரின் கதவைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விலாசம் சொல்லு ஜுமா!"

"லாரியில ஏறுறவன் ஏறலாம். ஏறாதவனுக்கு நாளைக்கு வேலை இல்ல. எந்த நாளைக்கும் இல்ல."

ஸெய்னெல் போனைக் காதில் வைத்தபடியே பக்கத்து வீட்டுக் கதவை முஷ்டியால் தட்டினான். நேற்று முழுவதும் அந்த அம்மாளைக் கண்டு ஒளிந்திருந்தார்கள். துவைத்த துணியில் தூசி, சத்தம், லாரி வழியை மறிக்கிறது என்று ஜன்னலைத் திறந்து திறந்து கத்தியவள். கதவு பிளந்தது. கையில் பல் துலக்கும் பிரஷோடு நின்றாள்.

"மறுபடியும் நீங்களா? மணி என்னன்னு தெரியுமா? இப்ப என்ன இடிஞ்சு விழுந்துச்சு?"

வேலைத்தளத்தில் கற்ற பாஷை அவனுடையது. சுவர், குப்பை, சீக்கிரம், முட்டாள் எல்லாம் தெரியும். விலா எலும்புக்கு வார்த்தை தெரியாது. "ஆளு," என்றான். "அடியில. மூச்சு. இந்த இடம் எது? இந்த இடத்துக்குப் பேரு என்ன?" போனை அவளிடம் நீட்டினான்.

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். போனில் ரத்தம் பட்டிருந்தது. பிரஷைச் செருப்பு வைக்கும் பலகைமேல் வைத்துவிட்டுப் போனை வாங்கினாள். நேற்றுக் கத்திய அதே குரலில், அதே கறாரோடு, தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். "அதுக்கு அடுத்த வீடு. பெரியவர் ஒருத்தர் நசுங்கிக் கிடக்கார். சைரனைக் குறைக்கிறேன்னு மெதுவா வராதீங்க, வேகமா வாங்க." பிறகு உள்ளே போய் ஒரு போர்வையோடு வந்தாள். பிஷாரின்மேல் அதைப் போட்டவள், மூவரின் முகத்திலும் கட்டியிருந்த துண்டுகளைப் பார்த்தாள். "இதைக் கட்டிக்கிட்டா ரெண்டு நாளா இதுக்குள்ள நின்னீங்க? நான் துணியைப் பத்திக் கத்திக்கிட்டு இருந்தேன்."

வெள்ளைக் கார் போய்விட்டது. லாரியின் கதவு திறந்தபடி நின்றது. யாரும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி நான்காவது மாடி. அறுவை அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. காப்பீட்டு அட்டை கேட்டு வந்த பெண்ணிடம் ஸெய்னெல் இல்லை என்றான். அப்படியானால் பொறுப்பு யார் என்று கேட்டாள். அவன் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ஹாமோவின் குரல் வந்தது. "நாங்க."

இரண்டு போலீஸ்காரர்கள் அவனையும் டெலிலையும் கூட்டி வந்திருந்தார்கள். பெயர், அட்டை, எந்த மாகாணம் எல்லாம் எழுதியாகிவிட்டது. குடியேற்றத் துறைக்குத் தகவல் போகுமாம். ஒருவன் இன்னும் மாடிப்படியருகே நின்றுகொண்டிருந்தான்.

"சங்கத்துக்காரர் வர்றாரு," என்றான் டெலில் மெதுவாக. "வேலை நடந்த இடத்துலயே போலீஸ் எழுதியிருக்குல்ல, மாடிப்படியில விழுந்தாருன்னு இனி எவனும் சொல்ல முடியாதாம். ஆனா ஜெயிப்போம்னு சொல்லல. போராடலாம்னு மட்டும் சொன்னாரு."

"மத்த லாரிகள்ல வேலைக்குப் போற நம்ம ஆளுங்களுக்கும் போன் போட்டேன்," என்றான் ஹாமோ. "நாளைக்கு ஏறுறதில்லன்னு நாலு லாரிக்காரங்க சொல்லிட்டாங்க. ஒருத்தன் திட்டினான். முகமூடியும் விலாசமும் தராதவனோட லாரியில ஏறுறதில்ல, அவ்வளவுதான் கேக்கறோம்னேன். திட்டிக்கிட்டே சரின்னான்."

செய்தி அதற்குள் அந்தக் கரைக்கும் போயிருந்தது. ஸெய்னெலின் போன் அதிர்ந்தது. குலிசார்.

"எங்கடா இருக்காரு?"

"ஆத்துக்கு இந்தப் பக்கம், அக்கா. பாலத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடக்குது."

"வர்றேன்."

"வேணாம். உனக்கு அனுமதி இல்ல. பிடிச்சா உள்ள வச்சிருவாங்க."

"அவருக்கு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் போயும் சிவப்பு விளக்கு அணையவில்லை. ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே போனாள். ரத்தப் பையோடு இன்னொருத்தி போனாள். அவர்கள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஸெய்னெல் எழுந்து தாழ்வாரத்துக் கோடியில் இருந்த ஜன்னலருகே போய் நின்றான். வெளியே காற்று. ஆறு சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதன்மேல் பாலம் முழுவதும் தெரிந்தது.

பாலத்தின் நடைபாதையில் சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன. முன்னால் ஒன்று, பின்னால் நிறைய. குழந்தை உட்காரும் கூடை வைத்த சைக்கிள்கள். ஹாமோவின் மனைவியுடையது போல ஒன்று. ரெஷோவின் மனைவியுடையது போல ஒன்று. எதிர்க்காற்றில் தலைத்துணிகள் படபடத்தன. சிலர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எவருக்கும் அனுமதி இல்லை.

"ஹாமோ," என்று கூப்பிட்டான். ஹாமோ வந்தான். டெலிலும் வந்தான். மூவரும் கண்ணாடியில் நெற்றி பட நின்றார்கள்.

முன்னால் வந்த சைக்கிள் பாலத்தின் நடுவை நெருங்கியது. அந்தப் பலகை இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சின்னப் பச்சைச் சதுரம்தான். அக்கா எப்போதும் காலை ஊன்றி நிற்கும் இடம் அது.

சைக்கிள் நிற்கவில்லை. பின்னால் வந்தவையும் நிற்கவில்லை.