வழக்கிலிருந்து நீங்கியவன்

ரூடியின் கழுத்துப் பட்டன் துளைக்குள் போகவே இல்லை.

"விட்ருங்க மேடம். டை கட்டினா வெளியே தெரியாது" என்றார் இறுதிச் சடங்கு நிலையத்துக்காரர்.

மார்லீன் கேட்கவில்லை. அண்ணனின் சில்லிட்ட தொண்டைக்குக் கீழே இரண்டு விரலை விட்டுச் சட்டையை இழுத்துப் பார்த்தாள். கடைசியில் அவளும்தான் விட்டுவிட்டாள்.

சாம்பல் நிற சூட், கோர்ட்டுக்கென்றே வாங்கியது. கறுப்பு போட்டால் ஜூரிக்குப் பிடிக்காது என்று அவன் வக்கீல் சொல்லியிருந்தார். "என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ யோசிக்கல" என்று கடைக் கண்ணாடி முன்னால் நின்று ரூடி சிரித்தான். பிட்ஸ்பர்க் கோர்ட்டில் விசாரணை தொடங்குவதற்குள், பனி தள்ளிவிட்டு வந்து மண்வெட்டியைச் சுவரில் மாட்டப் போனவன் காரேஜிலேயே சரிந்துவிட்டான்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்திய தொழில். வீட்டுச் சுவர்களுக்கு ஜிப்சம் போர்டு அடிக்கும் ஆட்களுக்குக் கணக்கில் வராமல் ரொக்கமாகக் கூலி கொடுத்தார்கள். அதை மறைக்க, இல்லாத ஒரு கம்பெனியின் பேரில் செக் எழுதினார்கள். மத்திய அரசு இதற்கு வைத்த பெயர் வரி மோசடிக் கூட்டுச் சதி. தங்கைக்கு எதிராகச் சாட்சி சொன்னால் தண்டனை குறையும் என்று ரூடியிடம் சொன்னார்கள். அவன் அந்த நிமிஷமே முடியாது என்றுவிட்டான். மார்லீனிடமும் அதையே கேட்டார்கள். அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் மறுத்தாள். அந்த ஒரு வாரத்தைப் பற்றி ரூடி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாயங்காலம் அவர்கள் ஊரான ஜான்ஸ்டவுனில் பாதிப் பேர் பார்க்க வந்துவிட்டார்கள். ரூடியின் மனைவி லொரெய்ன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள்.

"அவர் மேல இருந்த வழக்கைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஜட்ஜே கையெழுத்துப் போட்டுட்டாரு. இனிமே அவர் பேர்ல ஒண்ணுமே கிடையாது."

"ரூடி கெட்டிக்காரன்மா. வாஷிங்டன்காரனுக்கே டிமிக்கி குடுத்துட்டான் பாரு!" என்றார் பக்கத்து வீட்டு எமில். லொரெய்ன் அழுதுகொண்டே சிரித்தாள்.

வரிசையின் கடைசியில் வில்மர் நின்றான். அவர்களிடம் போர்டு அடித்தவன். சாரத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்கை மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. கணக்கில் இல்லாத ஆளுக்குக் காப்பீடு ஏது? "நல்ல மனுஷன்" என்று இடது கையால் லொரெய்னின் கையைத் தொட்டான். மார்லீன் பூக்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுடைய வக்கீல் டெப்ரா வந்தாள். பெட்டியின் முன் மண்டியிட்டு எழுந்து, மார்லீனைக் கழிப்பறைப் பக்கமிருந்த நடைக்குக் கூட்டிப் போனாள்.

"இங்க பேசற பேச்சில்லதான். ஆனா விசாரணைக்குப் போறோமா, குத்தத்தை ஒத்துக்கறோமான்னு திங்கக்கிழமை ஜட்ஜுக்குப் பதில் சொல்லணும். நிலைமை மாறிடுச்சு, மார்லீன்."

"எப்படி?"

"செக்குல கையெழுத்தெல்லாம் உங்க அண்ணனோடது. ஆளுங்களைப் பிடிச்சது அவர். நீங்க அண்ணன் சொன்னதைச் செஞ்ச தங்கச்சி. அவ்வளவுதான்."

"அது நெஜமில்லயே."

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. நீங்க வாயே திறக்க வேண்டாம், கூண்டுலயே ஏற வேண்டாம். கையெழுத்தை மட்டும் நான் காட்டுவேன். மீதியை ஜூரி தானா நினைச்சுக்கும். இப்போ அவரை யாரும் ஜெயில்ல போட முடியாது. உங்களைப் போடலாம்."

கழிப்பறைக் கதவு திறந்தது. லொரெய்ன் நின்றிருந்தாள். கையில் ஈரக் காகிதம். டெப்ரா கூடத்துக்குப் போய்விட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள் லொரெய்ன். "இதை முதல்ல ஆரம்பிச்சது யாரு?"

ரூடிதான் என்று சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேச ஆள் கிடையாது. தொழில் மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், ஆபீஸ் அடுப்பில் சூப்பைச் சூடாக்கியபடி, "வேற ஒரு கம்பெனி பேர்ல செக் எழுதினா யாருக்குத் தெரியப் போகுது?" என்று முதலில் கேட்டது மார்லீன்தான்.

"நான்தான்" என்றாள்.

லொரெய்ன் காகிதத்தை மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள்.

"ஆனா அவர் என்கிட்ட, தான்தான் ஆரம்பிச்சதா சொன்னாரு. 'மார்லீன் வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல'ன்னு. எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன், அவளைப் போய் ஏன் இதுல இழுத்துவிட்டீங்கன்னு."

மார்லீன் சுவரில் சாய்ந்துகொண்டாள். லொரெய்ன் அவளைத் தொடவில்லை. கூடத்துக்குத் திரும்பிப் போய் வரிசையில் அடுத்தவரின் கையைப் பிடித்தாள். வழக்கைப் பற்றி அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் காலை அடக்கம் முடிந்தது. உறைந்த புல்லில் கார்களை நோக்கி எல்லோரும் நடந்தபோது மார்லீன் டெப்ராவை நிறுத்தினாள்.

"விசாரணை வேண்டாம். ஒத்துக்கறேன்."

"துக்கத்துல முடிவெடுக்காதீங்க. ஜெயிக்கக்கூடிய கேஸ் இது."

"தெரியும்."

"வருஷக் கணக்குல உள்ள இருக்கணும், மார்லீன்."

"கூட்டுச் சதின்னுதானே எழுதியிருக்காங்க? அதுல என் பங்கு என்னன்னு நானே ஜட்ஜுகிட்ட சொல்றேன். அவனோடதைப் பத்தி நீங்க எதுவும் சொல்லக் கூடாது."

டெப்ரா கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்தாள். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வாங்க. முன்னாடியே உக்காந்து பேசலாம்" என்றாள்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வேகவைத்த வாசனை படிக்கட்டிலேயே வந்துவிட்டது. நீளமான மேசைகள் எல்லாம் நிறைந்திருந்தன. மார்லீன் தட்டோடு கோட்டு மாட்டுமிடத்துக்கு அருகிலேயே நின்றாள். குடும்பத்தார் மேசையில் லொரெய்ன் எமிலுக்கு ரொட்டி நகர்த்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மார்லீனைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்தபடியே இருந்தாள்.

பிறகு பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.