கள்ளிமேட்டு நிழற்குடை ஆபீசுக்குப் போனது

கோமதி அம்மன் சந்நிதிப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, கிழக்கு முகமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்றைக் கூட்டவும் இல்லை, ஒன்றைக் குறைக்கவும் இல்லை. என்னைப் பற்றி ஊரில் வேறு மாதிரி சொல்லுவார்கள். சொல்லுகிறவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை.

சங்கரன்கோவிலுக்கு ஏழு மைலில் கள்ளிமேடு. அங்கே எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கள்ளிமேடு இளைஞர் நற்பணி மன்றம் என்று பெயர். நான் செயலாளர். மன்றத்திலேயே இளையவர் துரைப்பாண்டி, அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஆரம்பித்தபோது எல்லோரும் இளைஞர்களாகத்தான் இருந்தோம். போர்டு எழுதிய பெயிண்டர் செத்துப்போனதால் பெயரை மாற்ற வழியில்லாமல் போயிற்று. பொங்கலுக்குச் சாக்கு ஓட்டம் நடத்துவது, ஆடித்தபசுக்கு நடந்து வருகிற கூட்டத்துக்கு மோர் ஊற்றுவது, குளத்தங்கரையில் உடைமுள் வெட்டுவது எல்லாம் எங்கள் வேலை. கோயில் கொடைவிழாவில் அம்மன் சப்பரம் தூக்குவதும் நாங்கள்தான். எட்டுப் பேர், எட்டுத் தோள். அந்த எட்டுத் தோளிலும் தோசை அகலத்துக்குக் காய்ப்பு உண்டு.

நடந்தது 1979ஆம் வருஷம், தை மாதம். பொங்கல் முடிந்த மறுவாரம் முப்பிடாதியம்மாள் மன்றத்துக்கு வந்தாள். அவளுக்குப் பதினைந்து சென்ட் பிச்சிப்பூத் தோட்டம். புருஷன் இல்லை, முட்டி தேய்ந்த கால். பிச்சிப்பூ எட்டு மணிக்குள் சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால், வரப்பில் தராசோடு வந்து நிற்கிற தரகன் கையில்தான் போடவேண்டும். அவன் மூன்று வருஷமாக ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தான். "எங்கிட்ட குடுக்காம வேற யாருகிட்ட குடுப்ப?"

காலை ஏழு மணிக்கு உச்சிமாகாளி டிரைவர் ஓட்டிவருகிற பஸ், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நிற்காது. கூடையோடு நின்று முப்பிடாதியம்மாள் கையை ஆட்டினால், உச்சிமாகாளியும் மரியாதையாகக் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

"அண்ணாச்சி, கிழட்டுப் பயலுவோ எல்லாம் சாக்குக்குள்ள காலை விட்டுக் குதிக்கியளே, ஒரு பஸ்ஸ நிப்பாட்ட முடியாதா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"மனு எழுதுவோம் தாயி."

"எழுதுங்க. ஆனா ஒண்ணு. இனிமே அந்தத் தரகன் தராசுல எம்பூவ வைக்க மாட்டேன். பஸ் நிக்கலன்னா செடிய வெட்டி அடுப்புல வச்சிருதேன்."

சொன்னால் செய்துவிடுவாள். ஒருமுறை தான் வைத்த மீன்குழம்பைக் குறை சொன்ன சம்பந்தி முன்னாலேயே சட்டியோடு கொண்டுபோய்க் கிணற்றில் போட்டவள்.

சங்கரன்கோவிலில் இரண்டு ஆபீசுக்குப் போனோம். பெயர் வேண்டாம். பஸ் ஆபீசில், "நிழற்குடை இருக்கிற இடத்தில்தான் பஸ் நிற்கும்" என்றார்கள். ரோடு ஆபீசில், "பஸ் நிற்கிற இடத்தில்தான் நிழற்குடை கட்டலாம்" என்றார்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதி இரண்டு ஆபீசுக்கும் அனுப்பினேன். இரண்டு பேருமே, நீங்கள் சொல்வது சரி என்று பதில் போட்டார்கள்.

அதன்பிறகு நாங்களே கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. தச்சுவேலை வேதமுத்துவுடையது. அவர் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார், திங்கட்கிழமை எங்கள் அம்மன் சப்பரத்துக்கு ஆணி அடிப்பார். முப்பது வருஷமாகச் சப்பரத்தைப் பழுது பார்த்துப் பார்த்து அவர் கைக்கு வேறு அளவே தெரியாது. நாலு கால், மேலே தகரம், உள்ளே ஒரு பெஞ்சு. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், அடியில் நீளவாக்கில் இரண்டு தண்டுகள் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்தன.

"வே வேதமுத்து, இது என்னது?"

"தண்டு."

"நிழற்குடைக்கு எதுக்குவே தூக்குற தண்டு?"

அவர் தண்டைத் தடவிப் பார்த்தார். "கை பழகிட்டு. அறுத்துறவா?"

"கெடக்கட்டும். பெஞ்சுல எடம் இல்லாதவன் தண்டுல உக்காருவான்."

மறுநாள் காலை பஸ் நின்றது. உச்சிமாகாளி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். நிழற்குடையைப் பார்த்தார், பிரேக்கை மிதித்தார். முப்பிடாதியம்மாள் பூ ஏழே முக்காலுக்குச் சந்தையில் இருந்தது.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. பிறகு ரோடு ஆபீசிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சாலைக்கு வடபுறம் அனுமதியில்லாமல் இருக்கிற நிழற்குடையை அகற்ற வேண்டும். அகற்றினோம். எட்டுப் பேரும் தோள் கொடுத்துத் தூக்கித் தென்புறம் வைத்தோம். அடுத்த வாரம், தென்புறம் இருப்பதை அகற்றவும் என்று இரண்டாவது உத்தரவு. திரும்ப வடபுறம் வந்தது. உத்தரவு வரவர நாங்களும் தூக்கிக்கொண்டே இருந்தோம். தண்டை அறுக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று வேதமுத்து மட்டும் தினமும் ஒருதடவை சொல்லிக்கொண்டார்.

கடைசியில் அதிகாரியே ஜீப்பில் வந்தார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"எந்தப் பக்கம்னு எழுதினாலும் அது மறுபக்கம் போயிடுதே. யாரு இதுக்குப் பொறுப்பு?"

"இளைஞர் மன்றம் சார்," என்றேன்.

அவர் எங்கள் எட்டுப் பேரையும் வரிசையாகப் பார்த்தார். "இளைஞர்கள் எங்கே?"

"நாங்கதான்."

அவர் ஜீப் பானெட்டில் தாளை வைத்து இன்னோர் உத்தரவை எழுதினார். அதில் இப்படி இருந்தது: 'மேற்படி நிழற்குடையை, அது எந்தப் பக்கம் இருந்தாலும், நாளைக் காலை அகற்றி இந்த அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.'

அவர் வாயால் சொன்னது பலகையாகவும் தகரமாகவும் பிரித்துக்கொண்டு வரச்சொல்லி. எழுதியது அப்படி இல்லை. எழுதினபடி நடக்கிறது என்று மன்றம் தீர்மானம் போட்டது.

மறுநாள் ஆறே முக்காலுக்கு விலக்கில் கூடினோம். முப்பிடாதியம்மாள் பெஞ்சில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கு மதினி, தூக்கணும்," என்றார் துரைப்பாண்டி.

"தூக்குங்க. நான் பஸ்ஸுக்குல்லா உக்காந்திருக்கேன்."

அவளோடு தூக்கினோம். இங்கே எங்கள் ஊர் சப்பர முறையைச் சொல்லிவிட வேண்டும். தோளுக்கு ஏறிய சப்பரத்தை அதன் இடம் சேருகிறவரை தரையில் இறக்கக் கூடாது. வாசலில் யாராவது தட்டு ஏந்தி நின்றால், தோளில் வைத்தபடியே நிற்க வேண்டும். அவர்கள் தேங்காய் உடைத்த பிறகுதான் நகரலாம். போன வழியே திரும்பவும் கூடாது. நாங்கள் தூக்கியது நிழற்குடைதான். ஆனால் தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அரை பர்லாங் போனதும் பின்னால் பஸ் வந்தது. நிழற்குடை இருக்கிற இடத்தில் நிற்க வேண்டும் என்பது சட்டம். நிழற்குடையோ போய்க்கொண்டிருந்தது. உச்சிமாகாளி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஓய் செயலாளரே, ஸ்டாப்பு எங்கனவே போவுது?"

"ஆபீசுக்கு."

"அப்ப அங்கனதான் நிக்கணும்," என்று சொல்லிவிட்டு, முதல் கியரில் எங்கள் பின்னாலேயே வந்தார். உள்ளே நாற்பத்திரண்டு பேர். முணுமுணுத்தவர்களை அவர், "சட்டம்யா, சட்டம்," என்று அடக்கிவிட்டார்.

வழியில் இரண்டு ஊர். சப்பரம் வருகிறது, நடுவில் பூவோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் பஸ்ஸே பணிந்து வருகிறது. பார்த்த சனம் தேங்காயும் சூடமும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஒருத்தி தட்டை முப்பிடாதியம்மாள் முகத்துக்கு நேரே காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி பிச்சம்மா, நாந்தாண்டி முப்பிடாதி. போன வாரம் உங்கிட்ட அருவா இரவல் வாங்கிட்டுப் போனேம்லா."

"தெரியும்க்கா. இருந்தாலும் சப்பரத்துல வந்துட்டியே, சும்மா விட முடியுமா?" என்று பிச்சம்மாள் தேங்காயை உடைத்தாள்.

அங்கே நாங்கள் நின்றோம். பஸ்ஸும் நின்றது. மணி ஏழரைகூட ஆகவில்லை. கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார்.

"பாட்டியம்மா, இப்ப நிக்குதுல்லா, சட்டுனு ஏறிக்கோ. எட்டுக்குள்ள சந்தையில இறக்கிவிடுதோம்."

முப்பிடாதியம்மாள் கூடையைப் பார்த்தாள். மொட்டெல்லாம் அப்போதுதான் வாய் திறக்கிற பருவம். துணியை நனைத்து மறுபடியும் மூடினாள்.

"இன்னைக்கு ஏறிருவேன். நாளைக்கு எதுல ஏற?" என்றாள். "நீங்க போங்க அண்ணாச்சி."

அதற்குப் பிறகு தோளை மாற்றவேண்டும் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

முப்பத்தொரு தேங்காய் உடைபட்டு, ஆபீஸ் வாசலுக்குப் போகும்போது மணி பத்தரை. சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். கையில் விரித்த பைல். இரண்டு கையாலும் ஏந்தியபடி கேட் முன்னால் நின்றார். துரைப்பாண்டி முன்தண்டில் இருந்தார். வாசலில் ஒருவர் ஏந்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவர் கால் தானாக நின்றுவிட்டது.

"ஒப்படைக்கச் சொன்னீய, கொண்டாந்துட்டோம்," என்றேன். "எங்கன இறக்க?"

அவர் கேட்டைப் பார்த்தார், நிழற்குடையைப் பார்த்தார். கேட் ஒரு முழம் குறுகல். "உள்ள வராதே. திருப்பிக் கொண்டுபோங்க."

"அப்ப ஒரு தேங்காய உடைங்க சார். உடைக்காம நகரக்கூடாது."

"கவர்மென்ட் ஆபீஸ்ல தேங்காய் உடைக்க ரூல் கெடையாது."

"எங்களுக்கும் உடைக்காமப் போக ரூல் கெடையாது சார்," என்றார் துரைப்பாண்டி.

நின்றோம். பஸ்ஸும் நின்றது. அடுத்த பஸ் வந்து, நிழற்குடையைக் கண்டு அதன் பின்னால் நின்றது. மத்தியானத்துக்குள் ஐந்து பஸ். கள்ளிமேட்டுக்கு டிக்கெட் எடுத்தவர்களையெல்லாம் அந்த ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். ஒரு தாத்தா நேரே உள்ளே போய், அதிகாரி மேசைமேல் வெற்றிலைப் பையை வைத்துவிட்டு, "இங்கன ஒரு வேப்பமரம் நின்னுச்சே, எங்க தம்பி?" என்று கேட்டார். அதிகாரியின் ஜீப் வெளியே வர முடியவில்லை. எங்களைப் பிடிக்க வந்த ஏட்டையாவும், ஸ்டாப்பில் கூட்டமாக இருந்ததால் வரிசையில் நின்றுவிட்டார். துரைப்பாண்டி நின்றபடியே தூங்கினார். குறட்டை கேட்டது, தண்டு அசையவில்லை.

மூன்று மணிக்கு அதிகாரி அதே பைலோடு மறுபடி வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிழற்குடைக்குள் எட்டிப் பார்த்தார். முப்பிடாதியம்மாள் காலையில் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கூடைத் துணி விலகியிருந்தது.

"பூ வாடிப்போச்சேம்மா," என்றார்.

"ஆமாய்யா. மூணு வருசமா வாடுது. இன்னைக்குத்தான் ஒங்க கண்ணுல பட்டிருக்கு."

அவள் இரண்டு கையும் நிறையப் பூவை அள்ளி, அவர் ஏந்தியிருந்த பைலில் போட்டாள். பழுத்துத் துவண்டிருந்தாலும் அந்த வாசல் முழுக்க மணம் எழும்பியது.

"வச்சிக்கோங்க. இது இனிமே சாமிக்கும் ஆவாது, சந்தைக்கும் ஆவாது. பைலுக்காவது ஆவட்டும். நாளைக்கும் கொண்டாருவேன். நாளன்னைக்கும் கொண்டாருவேன். செடியில பூ நிக்கிற வரைக்கும் இங்கனதான் கொண்டாந்து தட்டுவேன். பஸ் எங்கன நிக்கும்னு எழுதிக்குடுங்க, இறங்கிருதேன்."

அதிகாரி பைலில் இருந்து பூவைத் தட்டிவிடவில்லை. பூவை ஓரமாக ஒதுக்கி, உத்தரவின் பின்பக்கத்தில் எழுதினார்: 'கள்ளிமேட்டு விலக்கில் நிழற்குடை இருக்கலாம். எல்லா பஸ்ஸும் நின்று போகவேண்டும்.' கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார்.

"இது தேங்காய்க்குச் சமானமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் துரைப்பாண்டியை எழுப்பிக் கேட்டேன். "சீல் இருக்கா?" என்றார். இருந்தது. "அப்ப உடைச்ச மாதிரிதான்," என்று நகர்ந்தார்.

போன வழியே திரும்பக்கூடாது என்பதால் நாலு ரதவீதியும் சுற்றி, வேறு பாதையில் பதினோரு மைல் நடந்து, பொழுது அடையும்போது விலக்கில் இறக்கினோம். ஐந்து பஸ்ஸும் பின்னாலேயே வந்து, வரிசையாக நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போயின.

மறுநாள் காலை தரகன் வழக்கம்போலத் தராசோடு வரப்பில் நின்றான். வாயைத் திறந்து கேட்பதற்குள் முப்பிடாதியம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டாள்.

"ஏலே, வரப்ப விட்டு எறங்கு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஏழு மணிக்கு பஸ் வந்தது. நின்றது. கண்டக்டர் இறங்கி, கூடையைக் கைநீட்டி வாங்கினார். அந்த உத்தரவை வேதமுத்து சட்டம் போட்டு மன்றத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். கையெழுத்தைக் கரையான் அரித்துவிட்டது. மற்றபடி யார் வந்தாலும் பார்க்கலாம்.

பஸ் ஆபீஸ் பதிவேட்டின்படி, அந்த விலக்கு வழியாக முதன்முதலாக பஸ் ஓடியது 1986ஆம் வருஷம், பொங்கலுக்கு மறுநாள்.