மூன்றாம் பக்கத்துக் கையெழுத்து

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் கையைப் பிடித்து எழுதுவிக்கப்பட்டது. பக்கத்து வீட்டு நிவேதிகா கொழும்பில் தடயவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வந்தவள், ஆவணப் பரிசோதனைப் பாடத்துக்குப் பத்துப் பேரின் கையெழுத்து மாதிரி வேண்டுமென்று என் விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தாள். நான் பத்தாவது ஆள். அவள் போன கையோடு எழுதத் தொடங்கினேன்.

முதல் ஆரம்பம்: ‘மூதூரிலிருந்து வந்து குடியேறிய முத்தலிப் பிறர் சந்தோஷம் பொறுக்காதவன். அவன்தான் அந்த மொட்டைக் கடிதத்தை

(நிறுத்திவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் முத்தலிப் என்று ஒருவரும் இல்லை. பழியைப் போட வேறு ஊர், வேறு சமயம் என்று கை தானாகத் தேடிப் போயிருக்கிறது. தாளைக் கசக்கி மதிலுக்கு வெளியே எறிந்தேன். தெருவில் திரியும் மான்களில் ஒன்று அதைத் தின்றது. திருகோணமலையில் இலக்கிய விமர்சனம் இப்படித்தான் நடக்கிறது.)

2

இரண்டாவது ஆரம்பம், படர்க்கையில். (வெட்கப்படுகிறவனுக்குப் படர்க்கை நல்ல போர்வை. பெயரை மாற்றியிருக்கிறேன், வீட்டை மாற்றவில்லை.)

பிரகலாதன் பத்திரிகையில் நையாண்டிப் பத்தி எழுதுகிறவன். பெருமையடிக்கிற ஆளைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். அடுத்த வீட்டுச் சின்னராசா அப்படியொரு ஆள். துறைமுகப் பண்டசாலையில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், கேற்றில் ‘துறைமுக அத்தியட்சகர் (ஓய்வு)’ என்று பித்தளைப் பலகை பூட்டி, காலையும் மாலையும் துடைப்பார். ஒன்பது வருடத்துக்கு முன்பு, மூத்தவள் கமலாதேவிக்குத் தம்பலகாமத்துப் பொறியியலாளர் ஒருவர் பொருந்தியபோது, கோயில் மண்டபத்தில் நின்று, அத்தியட்சகர் வீட்டுச் சம்பந்தம் எல்லாருக்கும் வாய்க்காது என்று ஊருக்கே அறிவித்தார்.

பிரகலாதன் தன் வீட்டுக்குத் திரும்பி, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெயர் போடாமல் மூன்று வரி எழுதினான். தம்பலகாமத்தில் தன் எழுத்து யாருக்குத் தெரியும் என்று, சொந்தக் கையாலேயே:

‘பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். அவர் வெறும் கிளாக்கர். மற்றதையும் விசாரித்துக்கொள்ளவும்.’

முதலிரண்டும் உண்மை. மூன்றாவது, தொழில் பழக்கம். பகிடிக்கு நல்ல முடிவொன்று வேண்டுமே. ‘மற்றது’ என்று ஒன்றும் இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அது பெண்ணைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார்கள். கலியாணம் நின்றது. அடுத்த கிழமை சின்னராசா தன் பலகையைத் தானே கழற்றினார். கேற்றில் ஆணி ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன, மனிதர்தான் இல்லை. அவர் கழற்றும்போது பிரகலாதன் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, என் கண்ணால்

(பார்த்தீர்களா. திரும்ப எழுதுகிறேன்.)

3

நான்தான் நின்று பார்த்தேன்.

இனி நிவேதிகா, சின்னராசாவின் இளையவள். பார்த்து எழுத ஏலாது, தான் சொல்லச் சொல்ல எழுதவேண்டும், ஒரே பந்தியை மூன்று தரம் என்றாள். முதற் பக்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வட்டவட்டமாக எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டாம் பக்கத்தில் வரிகள் மேல்நோக்கி ஏறத் தொடங்கின. மூன்றாவதில் கை உளைந்துபோய் அதன் பாட்டில் ஓடியது. அந்தப் பந்தியில் ‘விசாரித்துக்கொள்ளவும்’ இருப்பது அப்போதுதான் உறைத்தது.

“இதென்ன பந்தி, பிள்ளை?”

“நான் எழுதினதுதான் மாமா. அக்காட அலுமாரிக்குள்ள ஒரு பழைய கடிதம் கிடக்கு, தரகர் திருப்பிக் கொண்டுவந்து குடுத்தது. அதில இருக்கிற சொல்லுகளைப் போட்டு எழுதினனான்.”

கடிதம் திரும்பி வந்தது எனக்கு இதுவரை தெரியாது. அவள் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தாள்.

“முதல் பக்கம் வடிவா இருக்கு மாமா. மூண்டாவதுதான் உங்கட எழுத்து.”

“உன்ர அக்காட்டைச் சொல்லப்போறியே?”

“நான் என்னத்தைச் சொல்ல? ஏழு வருசமா உங்கட எழுத்தை ரைப் பண்ணுறது அவதானே.”

4

இதை உங்களுக்கும் மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கமலாதேவி, கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலகத்துக்கு முன்னாலுள்ள தட்டச்சுக் கடையில் வேலை செய்கிறாள். என் பத்திகளெல்லாம் அவள் கையால்தான் பத்திரிகைக்குப் போகின்றன. என் கிறுக்கலை வாங்கி, இது என்ன எழுத்து என்று ஒருநாளும் கேட்காமல், பிழையில்லாமல் அடித்துத் தருவாள். ஒரு தரமும் சிரித்ததில்லை. பாவம், பகிடி விளங்காத பிள்ளை என்று நினைத்திருந்தேன்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் மன்னிக்கிறாள். (நீங்கள் கண்ணீர் விடுவீர்கள், அவள் விடமாட்டாள்.) இன்னொன்றில் அந்தக் கேற்றடியில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன்; வசனம் திறமாக வந்தது, அதனாலேயே கிழித்தேன். கடைசியில், அவள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் அதுவும் அந்த முதற் பக்கம் மாதிரியே வட்டவட்டமாக

நல்ல முடிவு ஒன்றை முன்பே ஒரு தரம் எழுதியவன் நான். இனி ஏலாது.

இந்தத் தாள்களை நாளைக் காலை கடையில் கொடுப்பேன். நீங்கள் இதை அச்சில் வாசிக்கிறீர்கள் என்றால் அவள் அடித்துக் கொடுத்திருக்கிறாள். கீழே அரைப் பக்கம் அவளுக்காக விட்டிருக்கிறேன். அதில் ஏதும் இருந்தால் அது என்னுடையதல்ல. ஒன்றும் இல்லாவிட்டால், அதுவும் அவள் எழுதியதுதான்.