ஜெயபாலனின் உள்ளங்கால்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மலாக்காவின் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில், சேலையை உதறிப் பார்த்துக்கொண்டே கோகிலா சொன்னது. ஓட்டக்காரன் ஜெயபாலன் அவளுடைய அண்ணன். "எழுதுங்க, ஆனா எங்கம்மா படிக்கிற மாதிரி எழுதாதீங்க" என்றாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதையும் அவளே சொன்னாள்.

2

தொடக்கம்: 'மெர்டேக்கா சுதந்திர நாளுக்காகப் பாடாங் திடலில் கொடிக்கம்பம் நட்ட ஆடி மாதத்தில், புதிய தேசத்தைப் போல அவனும்...'

(அடித்துவிட்டேன். தேசத்தை எதற்கு இழுக்கிறேன்? அவனுக்கு வேண்டியிருந்தது சிங்கப்பூர்க் கல்லூரி ஒன்றின் ஓட்ட அணியில் ஓர் இடம், அவ்வளவுதான்.)

நேராகவே சொல்கிறேன். அவன் இருந்த காஜா பேராங் வட்டாரத்தில் அவனைப் போல் ஓடுகிறவன் இல்லை. கல்லூரிக்காரர்கள் மலாக்காவுக்கே வந்து ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. முதலில் வந்தால் அணியில் இடமும் உண்டு, படிப்பும் உண்டு. அன்றைக்கே அவன் அம்மா பொன்னம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: மகன் ஜெயிக்க வேண்டும், அதற்காக அவன் தீ மிதிப்பான். ஓட்டம் சனிக்கிழமை. தீமிதி அதற்கு முந்தின ஞாயிறு. ஜெயித்த பிறகு மிதிக்கலாமே என்று கேட்ட கோகிலா, சாமியிடம் பேரமா பேசுகிறாய் என்று ஏச்சு வாங்கினாள்.

3

கால் வெந்துவிட்டது.

(இதை நாலு விதமாக அலங்கரித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.)

விரதம் சுத்தமாக இருந்தால் தீ சுடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சுட்டால் வீட்டில் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள். அவனுக்காக ஒருவேளைச் சோற்றோடு கிடந்தவள் பொன்னம்மா. சொன்னால் பழி அவள் விரதத்தின் மேல் விழும் என்று வெந்த காலை அவளிடம் மறைத்துவிட்டான், பாவி. கொப்புளத்தில் துணி சுற்றிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓட்டத்துக்குப் போனான். ஏன் நொண்டுகிறாய் என்று பயிற்சி தந்த மாணிக்கவாசகம் சார் கேட்டதற்கு, "புதுச் சப்பாத்து கடிக்குது சார்" என்றான்.

கடைசி வளைவில் அவன் பல்லைக் கடித்து...

(வேண்டாம்.) கடைசியாக வந்தான்.

4

முடிவு ஒன்று: அடுத்த ஆண்டு ஓடி ஜெயிக்கிறான். பொய். கல்லூரிக்காரர்கள் திரும்பி வரவே இல்லை.

முடிவு இரண்டு: அம்மாவிடம் காலைக் காட்டிக் கத்துகிறான். எழுதிக் கிழித்தேன். கத்தியது நான், அவனல்ல.

நடந்தது இது. அன்று மாலை பொன்னம்மா அவனுக்குச் சோறு போட்டாள்.

"நம்ம விரதத்துல ஏதோ குறை வச்சிட்டோம்டா. அடுத்த வருசம் மறுபடி மிதி. ஆத்தா கைவிடமாட்டா."

"சரிம்மா."

மிதித்தான்.

5

இந்த ஆடிக்கும் பொன்னம்மா நேர்ந்திருக்கிறாள், மகனுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டுமென்று. தீயில் கால் வெந்துதான் அன்று தோற்றான் என்ற உண்மையைச் சொல்லிவிடலாமென்று அவள் வீட்டுக்குப் போனேன். யார் பிள்ளை என்று விசாரித்து, என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். திரும்பி வந்துவிட்டேன்.

தீமிதிக்கு இன்னும் நாளிருக்கிறது. அன்றைக்கு மஞ்சள் வேட்டியோடு நிற்பவன் அவன், பக்கத்தில் பட்டினியோடு நிற்பவள் அவள். முடிவு தெரிந்தவர்கள் போய் அவளிடம் சொல்லுங்கள்.