ஒனோரினாவின் கண்ணீர் எந்தத் திராட்சை

எர்மீனியோவைப் புதைத்த அன்று அவர் மனைவி ஒனோரினாவின் கண்களிலிருந்து கிராப்பா வழிந்தது. நல்ல கிராப்பாதான், அந்த ஆண்டு வால்ஸ்காலா வடிசாலையில் இறக்கியதைவிட ஒரு படி மேல் என்று மோந்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். டிசம்பர் முதல் வாரம். மலை முகட்டில் பனி விழுந்திருந்தது, ஊருக்குள் இன்னும் இறங்கவில்லை. எல்லா வீட்டிலும் பன்றி அறுக்கும் காலம், அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒனோரினா முக்காட்டை விலக்கிவிட்டு அழ ஆரம்பித்தாள். வாசனை முதலில் பாதிரியாரைத்தான் எட்டியது. அவர் ஜெபத்தில் ஒரே வரியை இரண்டு தடவை சொன்னார்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்றுதான் ஊர் நினைத்தது. எர்மீனியோ வடிசாலையில் தீக்காரர். அக்டோபரில் ஒயின் பிழிந்து முடிந்ததும் மிஞ்சும் திராட்சைச் சக்கை வண்டி வண்டியாக வந்து குவியும். அதைச் செம்புக் கலங்களில் போட்டு ஆவியாக்கிக் குளிரவைத்தால் சொட்டுவதுதான் கிராப்பா. கலத்தின் அடியில் நெருப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வயிற்றுப் புண் இருந்ததால் ஒரு துளிகூடக் குடிக்கமாட்டார். ஆனால் அந்த ஆவி அவர் சட்டைகளில் ஏறும். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டைகளை ஒனோரினா தொட்டியில் ஊறவைத்து, முழங்கைவரை கையை முக்கித் துவைத்திருக்கிறாள். துணியிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து அவளுக்கும் போயிருக்கும். பஸ்ஸானோவிலிருந்து வந்த டாக்டர்கூடப் பிறகு இதையேதான் கொஞ்சம் லத்தீன் சேர்த்துச் சொன்னார்.

குழியருகில் அவளுக்குப் பக்கத்தில் ஒத்தோனே நின்றிருந்தார். இறந்தவரோடு அதிக காலம் வேலை பார்த்தவர் அவர்தான். கலத்திலிருந்து சொட்டுவதில் எது தலை, எது நெஞ்சு, எது வால் என்று பிரிப்பது அவர் பொறுப்பு. முதலில் வரும் தலை விஷம். கடைசியில் வரும் வால் நாறும். நடுவில் வரும் நெஞ்சு மட்டுமே மனிதர் குடிக்க. அதற்கு அவர் கருவி எதுவும் வைத்துக்கொண்டதில்லை. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பார். ஒரு விரலைத் தூக்கினால் எர்மீனியோ ஒரு கட்டையை உள்ளே தள்ளுவார். மடக்கினால் வெளியே இழுப்பார். இருவருக்கும் நடுவில் பேச்சே தேவைப்பட்டதில்லை. அந்த உரிமையில்தான், கைக்குட்டை கொண்டுவர மறந்த ஒத்தோனே, ஒனோரினாவின் கன்னத்தில் வழிந்ததைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார். அதுவரை தப்பில்லை. ஆனால் ஈரமான அந்தக் கட்டைவிரல், பழகிய வழியில் தானாகவே போய், இடது புறங்கையைத் தேய்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்.

"மார்செமீனோ," என்றார், வடிசாலையில் சொல்வது போலவே சத்தமாக.

பின்னால் நின்ற சவரக்காரர் சான்தே தலையை நீட்டினார். "என்னது?"

"மார்செமீனோ திராட்சைச் சக்கை. சந்தேகமே இல்ல."

"போடா, மூக்குல சளியா உனக்கு? மொஸ்காத்தோ அது. நான் நிக்கிற இடம் வரைக்கும் பூ மணக்குது."

"பூ மணந்தா மொஸ்காத்தோவா? உன் கடையிலகூடத்தான் மணக்குது. இது பீப்பாயில கிடந்த சரக்குடா. ஓக்கு இல்ல, செர்ரி மரம்."

"பீப்பாயில கிடந்தா நிறம் இருக்கணும்ல. இது கண்ணாடி மாதிரி இருக்கு."

"அது வலது கண்ணு. இடது கண்ணுல பாரு, வைக்கோல் நிறம்."

சான்தே பார்த்தார். பார்த்தது போதாமல் தொட்டும் பார்த்தார். குழி வெட்டுகிறவர் கயிற்றைப் பாதியில் ஒரு கல்லில் சுற்றிவிட்டு வந்து, இரண்டு பேரும் முட்டாள்கள், இதில் அருவதாத் தழை போட்டு ஊறவைத்த கசப்பு இருக்கிறது, அடிநாக்கில் நிற்கிறது பார் என்றார். அவர் நாக்கில் வைத்தே பார்த்துவிட்டிருந்தார். இன்னும் சிலர் நெருங்கினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் ஆண்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்துக்கு முன்பே உதட்டில் ஒரு சொட்டுத் தடவுவார்கள்; அந்த வாசனை எங்கே வந்தாலும் அது எந்தச் சக்கை, எந்த மரம், எந்த வருஷம் என்று கேட்காமல் அவர்களால் நிற்க முடியாது. எர்மீனியோவின் பெட்டி, தலைப்பக்கம் கீழேயும் கால்பக்கம் மேலேயுமாகக் குழியின் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒனோரினா கண்ணைத் திறந்தபோது தன்னைச் சுற்றி ஐந்தாறு ஆண்கள் கண்ணை மூடிப் புறங்கையை மோந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "அவரை இறக்கிட்டுப் பேசுங்க. குளிரும் அவருக்கு."

முக்காட்டை இழுத்துவிட்டாள். கண்ணீர் அதோடு நின்றது. அவர்கள் பெட்டியை இறக்கினார்கள், மண் போட்டார்கள், தொப்பியை அணிந்துகொண்டு கலைந்தார்கள். அவளிடம் ஒருவர்கூடத் துக்கம் விசாரிக்கவில்லை என்பது யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஒத்தோனேக்கு அது மதுக்கடையில் தோன்றியது. எல்லாரும் காபி குடித்தார்கள். குடித்து முடித்த கோப்பையில் வழக்கம் போலக் கொஞ்சம் கிராப்பா ஊற்றி, சுழற்றி, அலம்பிய அதையும் குடித்தார்கள். ஒத்தோனே கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனபோது இடது புறங்கையிலிருந்து அந்த மணம் வந்தது. கோப்பையை வைத்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுநாள் சாம்பல் போட்டுத் தேய்த்தார், பிறகு வினிகர், பிறகு மண்ணெண்ணெய். மணம் குறையவில்லை; நாள் போகப் போக இன்னும் தெளிவாகத்தான் ஆயிற்று. அதை மார்செமீனோ என்றோ செர்ரி மரம் என்றோ சொல்ல அவருக்கு அதற்குப் பிறகு வரவில்லை. மோந்தால் ஒரு பெண் அழுகிறாள் என்று மட்டும்தான் தெரிந்தது.

கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். கோவிலிலும் தெருவிலும் பரவாயில்லை, சாப்பாட்டு மேசையில் மனைவி ஜெம்மா விடவில்லை.

"ஒத்தக் கையால சூப் குடிக்கிறவன் யுத்தத்துல கை போனவனா இருக்கணும், இல்லன்னா திருடனா இருக்கணும். நீ எது?"

"குளிருது."

"அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் குளிருதா? எடு வெளிய. வாசனை எனக்கும்தான் வருது. படுக்கையில நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல அவ படுத்திருக்கிற மாதிரி இருக்கு. போய் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

"என்ன சொல்றது?"

"செத்த வீட்டுல என்ன சொல்லுவாங்களோ அது."

அவர் போகவில்லை. தெருமுனை வரை போவார், அவள் வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பார், காது சூடேறும், திரும்பிவிடுவார். அடுத்த அக்டோபரில் சக்கை வந்தது, கலம் ஏறியது. ஒத்தோனே சொட்டைப் புறங்கையில் விட்டு மோந்தார். தலையும் அழுதது, நெஞ்சும் அழுதது, வாலும் அழுதது. எங்கே பிரிப்பதென்று தெரியாமல் தலையை நெஞ்சோடு சேர விட்டுவிட்டார். அந்தச் சரக்கைக் குடித்தவர்களுக்கு இரண்டு நாள் தலைவலி. நல்லவேளையாக வேறொன்றும் ஆகவில்லை. முதலாளி கோபிக்கவில்லை, அவரை வாசலில் சக்கை வண்டிகளுக்கு வழிகாட்டும் வேலைக்கு மாற்றினார். அங்கே இரண்டு கையும் தேவை. கையுறை போட்டுக்கொண்டார்.

ஒனோரினாவோ அழுவதையே விட்டுவிட்டாள். அவள் கல்நெஞ்சுக்காரி என்று மேல்தெருப் பெண்கள் சொன்னார்கள். அவளை நன்றாகத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் நடக்கும்போது அவர்களுக்குச் சத்தம் கேட்டது. அழாத கண்ணீர் எங்கேயாவது சேரத்தானே வேண்டும். படி ஏறும்போது, வைக்கோல் சுற்றிய பெரிய கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு போவது போல, அவளுக்குள் தளும்பும். இரண்டாம் வருஷம் காலணி இறுகியது. மூன்றாம் வருஷம் மாடிக்குப் போவதை நிறுத்திக் கீழேயே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். ஒருமுறை அடுப்பு முன்னால் எர்மீனியோவின் சட்டை ஒன்று கைக்கு அகப்பட்டு, தன்னை மறந்து ஒரு சொட்டு விட்டுவிட்டாள். நெருப்பு நீலமாக எழுந்து அவள் புருவத்தைத் தின்றுவிட்டுப் போயிற்று. அதிலிருந்து வீட்டிலும் அழ முடியவில்லை. கோவிலில் அவள் கடந்துபோகும்போது மெழுகுவர்த்திச் சுடர்கள் அவள் பக்கம் சாயும் என்பதால் பாதிரியார் அவளைக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார். ஊர் ஆண்கள் எதிரில் அழுவதைவிட அவளுக்கு வெடித்துச் சாவது மேலாக இருந்தது. டாக்டர் அது நடக்கக்கூடியதுதான் என்றார். இன்னொரு குளிர்காலம் தாங்குவது சந்தேகம் என்றும் சொன்னார்.

ஆண்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் பரிகாரம் செய்து பார்த்தார்கள். குழி வெட்டுகிறவர் விறகு பிளந்து வாசலில் அடுக்கினார். யாரோ ஒரு பாலாடைக்கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். சான்தே மட்டும் துணிந்து கதவைத் தட்டினார்.

"சியோரா ஒனோரினா, ஏதாவது உதவி வேணுமான்னு கேக்கலாம்னு..."

"வேணும். மூக்கை வீட்ல கழட்டி வெச்சுட்டு வா."

சான்தே திரும்பி வந்து இதை மதுக்கடையில் சொன்னார். சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் திருநாள். அன்று சாயங்காலம் ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும், ஒவ்வொரு கல்லறையிலும் சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுவர்த்தி எரியும். முந்தைய வருஷங்களில் ஒனோரினா மறுநாள் தனியாக வருவாள். அந்த வருஷம் எல்லாரும் இருக்கும்போதே வந்தாள். மறுநாள் இருக்குமா என்பது அவளுக்கு நிச்சயமில்லாமல் போயிருக்கலாம். மெதுவாக நடந்தாள், சரளைக் கல்லில் அவள் தளும்பும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இரு பக்கமும் சுடர்கள் அவள் போகிற திசையில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. எர்மீனியோவின் கல்லறையில் யாரோ ஏற்றியிருந்த மெழுகுவர்த்திக்கு எட்டவே நின்றுகொண்டாள். முகம் வீங்கி, தோல் மெழுகு பூசியது போல் இறுகியிருந்தது.

ஒத்தோனே தன் தாயின் கல்லறையருகே நின்றிருந்தார். ஜெம்மா அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள் என்று சிலர் சொல்கிறார்கள். அவராகவே போனார் என்று ஜெம்மா சொல்கிறாள். தொப்பியைக் கழற்றினார். கையுறையையும் கழற்றினார், மெழுகுவர்த்தியைக் கையுறையோடு அணைக்க முடியாது. குனிந்து, கண்ணாடிக்குள் விரலை விட்டு, எர்மீனியோவின் சுடரை நசுக்கினார். ஒரு கல்லறையின் விளக்கை அந்த நாளில் அணைப்பது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம்.

"சியோரா ஒனோரினா," என்றார். "எர்மீனியோ போயிட்டாரு. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். "நாலு வருஷம் ஆச்சு, ஒத்தோனே."

"ஆமா."

"கால் எடுத்து வெச்சா எட்டுற தூரம்தான் என் வீடு."

"ஆமா, சியோரா. வெக்கமா இருந்துச்சு."

"உனக்கா?" என்றாள். அதற்கு மேல் திட்ட அவளிடம் ஏதோ இருந்தது, உதடு அதற்குத் தயாராகியது. ஆனால் பக்கத்தில் குழி வெட்டுகிறவர் குனிந்து தன் மகளின் விளக்கை அணைப்பதைப் பார்த்தாள். அடுத்து சான்தே தன் அப்பாவுடையதை ஊதினார். பிறகு பெண்கள், கிழவர்கள். இறந்துபோன ஒருவரைக்கூடக் கேட்காமல், வரிசை வரிசையாக, மதில்வரை எல்லா விளக்கையும் அணைத்தார்கள். கல்லறைத் தோட்டம் இருட்டாயிற்று. எங்கேயும் ஒரு பொறி இல்லை.

ஒனோரினா அழுதாள். மண்ணில் உட்கார்ந்து, வாய் விட்டு, எர்மீனியோவின் பெயரைச் சொல்லி அழுதாள். சரளைக்கு நடுவே ஓடிச் சரிவில் இறங்கும் அளவுக்கு அழுதாள். நாலு வருஷம் மூடிக் கிடந்த சரக்கு. அந்த மாதிரி மணம் அந்த மலையடிவாரத்தில் அதற்கு முன்னும் எழுந்ததில்லை, பின்னும் இல்லை. அங்கே நின்ற ஆண்களில் தலைமுறை தலைமுறையாகச் சக்கை வேக வைத்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் சொல்லி மற்றவர் செய்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு, வாய் வழியாகவே மூச்சு விட்டார்கள். ஒருவர்கூட மோக்கவில்லை. ஒத்தோனே தன் இடது கையை அவள் தோள் மேல் வைத்து, அவள் கண்ணீரில் நனைந்த அந்தக் கை காயும் வரை எடுக்காமல் நின்றார். எது மொஸ்காத்தோ, எது மார்செமீனோ என்பது எங்கள் ஊரில் இன்றுவரை தீராத விஷயம், தீர்க்க யாருக்கும் விருப்பமும் இல்லை.

ஒனோரினா அதற்குப் பிறகு இளைத்து, மாடியில் படுக்க ஆரம்பித்து, வெகுகாலம் இருந்தாள். வருஷத்தில் ஒரு சாயங்காலம், இறந்தவர்கள் திருநாளன்று, அழுவாள். படுவாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பாதிரியார் தோன் சிஸ்தோ, முதல் திருநாளன்று தோட்டம் இருட்டாகக் கிடப்பதையும் ஜனங்கள் கையில் தீக்குச்சியோடு சும்மா நிற்பதையும் பார்த்து, ஏன் இன்னும் விளக்கேற்றவில்லை என்று பக்கத்தில் நின்ற ஜெம்மாவைக் கேட்டார்.

"சியோரா இன்னும் அழுது முடிக்கல, சாமி," என்றாள் ஜெம்மா.

தோன் சிஸ்தோ தலையாட்டினார். கைகளை அங்கிக்குள் விட்டுக்கொண்டு, மற்றவர்கள் போலவே வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, அவரும் காத்திருந்தார்.