அடுக்களைப் பக்கத்துச் சத்தம்

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் ஞானபாய் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு வைத்தியர் தங்கையன் ஆசான் வந்து உளுந்துமாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பத்தோரு நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிப் போனார்.

புத்தன்சந்தைக்குப் பின்னால் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் ஓர் அறை, ஓர் அடுக்களை, அவ்வளவுதான். புருஷன் தாசையன் அச்சாபீஸில் எழுத்துக் கோர்ப்பவன். கிறிஸ்துமஸ் வேலை குவிந்து கிடந்ததால் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். கைக்குழந்தை லீலாவுக்கு எட்டு மாதம். வேறு வழியில்லாமல் பாறசாலையிலிருந்து தன் அக்கா தாசம்மாளைக் கூட்டிவந்தான். அவள் புருஷனை இழந்தவள், பிள்ளை கிடையாது. மூட்டையை இறக்கிய கையோடு குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கட்டிலில் கிடந்தால் ஜன்னல் வழியாக ஒரு பலாமரத்தின் அடியும் அதில் வழிகிற தண்ணீரும் தெரியும். காயாத துணிகள் முகத்துக்கு மேலேயே கொடியில் தொங்கும். அடுக்களை தெரியாது. அங்கிருந்து சத்தம் மட்டும் வரும்.

முதல் பல் முளைத்தது ஞானபாய்க்குத்தான் முதலில் தெரிந்தது. பால் குடிக்கும்போது குழந்தை கடித்தது. விரல் விட்டுப் பார்த்தாள். கீழ் ஈறில் நொய்யரிசி போல ஒன்று தட்டுப்பட்டது. வலியோடு சிரித்துக்கொண்டே மயினி தாசம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அடுத்த வாரம் ஆசான் உள்மருந்தை மாற்றினார். அந்தக் கசப்பு பாலில் இறங்கும், பிள்ளைக்கு ஆகாது, பாலை மறக்கடித்துவிடு என்றார். அன்றிலிருந்து பசும்பாலும் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சியும் தாசம்மாள் கையால்தான். ஞானபாய்க்கு மார்பு இரண்டு நாள் கல்லாகக் கனத்துக் கிடந்தது. பிறகு வற்றிப்போயிற்று.

குழந்தை தவழ்ந்ததை மயினி வாசலில் வந்து நின்று சொன்னாள். தண்ணீர்ப் பானை வரைக்கும் போய்விட்டாளாம். இங்கே கொண்டுவந்து விடுங்கள், நானும் பார்க்கிறேன் என்றாள் ஞானபாய். மயினி கொண்டுவந்து விட்டாள். அறையில் அடித்த மருந்தெண்ணெய் வாடைக்குக் குழந்தை உதட்டைப் பிதுக்கியது, இருந்த இடத்தை விட்டு அசையாமல் மயினியின் சேலையைப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அடுக்களையிலிருந்து குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. அம்மா. பின்னாலேயே தாசம்மாளின் தாழ்ந்த குரல்.

"அம்மை அன்னா அங்க கிடக்கா மக்களே. நான் அத்தையாக்கும்."

குழந்தை மறுபடியும் அம்மா என்றது. இந்தத் தடவை பதில் வரவில்லை.

கஞ்சி கொண்டுவந்தபோது மயினி சொல்வாள் என்று ஞானபாய் காத்திருந்தாள். மயினியோ விறகு நனைந்துவிட்டதைப் பற்றிப் பேசினாள், சேம்பு நன்றாக வேகவில்லை என்றாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை தாசம்மாள் கிணற்றுக்குப் போனதும் ஞானபாய் கட்டிலிலிருந்து இறங்கினாள். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றித் தரையில் நகர்ந்தாள். வாசல்படியைத் தாண்டினால் அடுக்களை. லீலா உரலைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். நிற்கத் தொடங்கிவிட்டாள் என்று ஞானபாய்க்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. தரையோடு தரையாக வருகிற உருவத்தைக் கண்டு குழந்தை மிரண்டு வீறிட்டது. ஞானபாய் கையை நீட்டினாள், எட்டவில்லை. காலில் சுருக்கென்று ஏதோ நகர்ந்தது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் வாசல்படியில் அப்படியே கிடந்தாள்.

தண்ணீரோடு வந்த தாசம்மாள் குடத்தை அப்படியே இறக்கி வைத்தாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். ஆசான் வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, எலும்பு விலகிவிட்டது, இனி மறுபடியும் நாற்பத்தோரு நாள் என்றார்.

அவர் போனதும் ஞானபாய் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவ உங்கள அம்மான்னு விளிச்சத ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

தாசம்மாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"சொன்னா உனக்கு நோவும். எனக்க வீட்டுக் கூரை இந்த மழையில நிக்குதோ என்னமோ. ஆட்டைக்கூட அடுத்த வீட்டில கெட்டிட்டு வந்தவளாக்கும் நான். பிள்ளையப் பிடுங்கிட்டுப் போக வரல்ல." ஞானபாயின் காலின்மேல் போர்வையை இழுத்துவிட்டாள். "போவும்போ எனக்கும்தான் நோவும், பிள்ளே."

ஞானபாய் அழுதாள். தாசம்மாள் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு குழந்தை என்ன செய்தாலும் அவள் அப்போதைக்கப்போதே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு கிடப்பது முன்னைவிட எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்குக் கோயில் மணி கேட்டது. தாசையன் மட்டும் குடை பிடித்துப் போய் வந்தான்.

அந்த வருஷத்துக் கடைசி நாளில் ஆசான் கட்டை அவிழ்த்தார். பாறசாலை வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் சரிந்துவிட்டதாக ஏற்கெனவே ஆள் வந்து சொல்லியிருந்ததால், மறுநாளே தாசம்மாள் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். லீலா இரண்டு நாள் வாசலைப் பார்த்து அழுதாள். ஒரு கையில் கம்பு ஊன்றிய ஞானபாயால் அவளைத் தூக்க முடியவில்லை. அருகில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வெளியே தூறிக்கொண்டிருந்தது. குழந்தை உரலிலிருந்து கையை எடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று எட்டு வைத்து, முறத்தின்மேல் விழுந்தது.

"மயினீ" என்று ஞானபாய் கூப்பிட்டுவிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் தாசையன் வந்ததும் சொன்னாள். எத்தனை எட்டு என்று கேட்டான். மூன்று என்றாள். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காகிதம் எழுதுகிறேன் என்றான். வேண்டாம், கையைக் கழுவிக்கொண்டு வந்து இப்போதே எழுதுங்கள் என்றாள் அவள்.